மியூனிக்கில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது

மியூனிக்கில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தவர்களுக்கு வீடு தேடுவது, முகவரி பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று முதல் மூன்று நான்கு மாதம் எப்படியோ ஓடிவிடும். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை என்ற பிரச்சினை தலைதூக்கும். மளிகைக்கடை, துணிக்கடை எதுவும் திறந்திருக்காது, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் இந்த விஷயத்தில் ரொம்பவே கறார். சுவரில் துளை போடக் கூடாது, காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது. ஊரில் என்றால் காலையில் கறிக்கடை, மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வருவார்கள் அல்லது நாம் போவோம். இங்கே யாரும் சொல்லாமல் வர மாட்டார்கள்.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து, ஐரோப்பாவைப் பட்டியல் போட்டு முடிப்பது. வெள்ளி ராத்திரி விமானம், சனிக்கிழமை பாரிஸ், ஞாயிறு ஏதோ ஒரு விமான நிலையத்தின் தரை, திங்கள் காலை ஒன்பதரை மீட்டிங்கில் சிவந்த கண்களோடு கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு உட்காருவது. ஒரு வருடத்தில் பன்னிரண்டு நாடு பார்த்திருப்பார்கள், ஆனால் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஈசார் ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் நடந்திருக்க மாட்டார்கள். என் கட்சி வேறு. தூரப் பயணங்களை வருடத்துக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொண்டு, மீதி வார இறுதிகளை இரண்டு மணி நேர ரயில் தூரத்துக்குள் செலவிட்டால் பணமும் மிச்சம், உடம்பும் மிச்சம், வசிக்கும் ஊரும் கொஞ்சம் பிடிபடும். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இது.

முதலில் காலண்டர்

ஜனவரி முதல் வாரத்திலேயே பொது விடுமுறைப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மியூனிக்கில் வருடத்துக்கு 13 பொது விடுமுறைகள். சில சனி, ஞாயிறில் விழுந்து வீணாகும், அதற்குப் பதில் நாள் எல்லாம் தர மாட்டார்கள். ஆனால் ஈஸ்டரை ஒட்டிக் கணக்கிடும் இரண்டு விடுமுறைகள், இயேசு விண்ணேற்ற நாளும் ஃப்ரோன்லைக்நாம் என்ற நற்கருணைத் திருநாளும், எந்த வருடமானாலும் வியாழக்கிழமைதான் வரும். வெள்ளிக்கிழமை ஒரு லீவு போட்டால் நான்கு நாள் கையில். ஆபீஸில் எல்லாருக்கும் இதே யோசனை இருக்கும் என்பதால் முந்திக்கொள்வது முக்கியம், மே மாதம் கேட்டால் "குழுவில் ஒருவராவது இருக்க வேண்டுமே" என்று தலையைச் சொறிவார்கள். சட்டப்படி வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 20 நாள்தான் குறைந்தபட்ச லீவு. பெரும்பாலான கம்பெனிகள் 28, 30 தருகின்றன. ஊருக்குப் போக மூன்று வாரம் ஒதுக்கினால் பாதி போய்விடும், ஆகவே இந்த வியாழக்கிழமைகளை விடாதீர்கள்.

இன்னொன்று, பவேரியாவில் பெந்தெகொஸ்தேவை ஒட்டிப் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. அப்போது ஏரிக்கரை விடுதிகளில் விலை எகிறும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் இல்லையென்றால் அந்த இரண்டு வாரமும் ஊருக்குள்ளேயே இருங்கள்.

ரயில்

டாய்ச்லாண்ட் டிக்கெட் இல்லாமல் இந்த ஊரில் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், 2025ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், ஊபான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), மண்டல ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்று பெயர் போட்ட வேகமான ரயில்களில் செல்லாது, ஃபிளிக்ஸ் ரயிலிலும் செல்லாது. ஆபீஸில் ஜாப் டிக்கெட் உண்டா என்று கேளுங்கள், கம்பெனி ஒரு பங்கு போட்டால் விலை இன்னும் இறங்கும். இது சந்தா. ஊருக்குப் போகும் மாதம் வேண்டாமென்றால் அதற்கு முந்தைய மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். பெயர் போட்ட டிக்கெட் என்பதால் மனைவிக்கோ நண்பருக்கோ கொடுத்து அனுப்ப முடியாது, ஆறு வயது நிறைந்த பிள்ளைக்கும் தனி டிக்கெட் வேண்டும்.

எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் இதே டிக்கெட் போதும், கூஃப்ஸ்டைனுக்கும் அப்படித்தான். சால்ஸ்பர்க் ஊருக்குள் ஓடும் பஸ்ஸுக்கு மட்டும் தனியாக எடுக்க வேண்டும், நடந்தே சுற்றலாம் என்பதால் அதுவும் அவசியமில்லை. திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லை நிலையமான ஃப்ரைலாசிங்கில் போலீஸ் ஏறி ஆவணம் பார்ப்பது சகஜம். "ஷெங்கனுக்குள் யார் கேட்கப் போகிறார்கள்" என்று கிளம்பாதீர்கள், பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகவே பையில் இருக்கட்டும், கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பதெல்லாம் எடுபடாது.

ஆல்ப்ஸ் பக்கம் போகும் பி.ஆர்.பி. என்ற கம்பெனியின் மண்டல ரயில்களில் புதிதாக வருகிற எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வது ஒன்று உண்டு. மியூனிக்கில் ஒரே ரயிலாகக் கிளம்பும், ஹோல்ஸ்கிர்ஹனில் பிரியும், ஷாஃப்ட்லாஹில் மறுபடி பிரியும். ஒரு துண்டு டேகர்ன்ஸே ஏரிக்கு, இன்னொன்று லெங்க்ரீஸுக்கு, மற்றொன்று ஷ்லியர்ஸே வழியாக பைரிஷ்ஸெல்லுக்கு. காலியாக இருக்கிறதே என்று கிடைத்த பெட்டியில் ஏறினால் வேறு ஏரிக்குப் போய்ச் சேருவீர்கள். பெட்டியின் வெளியிலும் உள்ளேயும் திரையில் ஊர்ப் பெயர் ஓடும், அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். அப்புறம், வார இறுதியில்தான் தண்டவாள வேலை வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை இரவே செயலியில் மறுநாள் ரயிலைப் பார்த்துவிடுவது நல்லது, ரயிலுக்குப் பதில் பஸ் என்று போட்டிருந்தால் வேறு திசைக்குத் திட்டத்தை மாற்றுங்கள்.

மழை ஞாயிறு: ஒரு யூரோ

மழை பெய்கிறதா, அருங்காட்சியகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்டே பினகோடெக், பினகோடெக் டெர் மொடெர்னே, பிராண்ட்ஹோர்ஸ்ட், எகிப்தியக் கலை அருங்காட்சியகம், பவேரிய தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க ஒரு யூரோதான் கட்டணம். சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் தனியாகக் கேட்பார்கள். இந்த ஒரு யூரோவில் ஒரு சௌகரியம் இருக்கிறது: பதினைந்து யூரோ கொடுத்தால் காசுக்குத் தகுந்த மாதிரி எல்லா அறையையும் பார்த்துவிட வேண்டும் என்று கால் வலிக்க அலைவோம், ஒரு யூரோவுக்கு இரண்டே படம் பார்த்துவிட்டு வெளியே வந்து காபி குடிக்கலாம். அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பேன். ஆல்டே பினகோடெக்கில் முதல் நாள் ட்யூரர் 1500ல் தன்னையே வரைந்துகொண்ட படத்தையும், ஆல்ட்டோர்ஃபர் 1529ல் முடித்த அலெக்சாண்டர் போரையும் மட்டும் பாருங்கள். இரண்டாவது படத்தில் எறும்புப் புற்று கலைந்த மாதிரி ஆயிரக்கணக்கான வீரர்கள், ஒவ்வொருவனுக்கும் கவசம் தனித்தனியாகத் தெரியும். நடுவில் தேரில் தப்பி ஓடும் பாரசீக மன்னன் டாரியஸை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். லாக்கருக்கு ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பக் கிடைத்துவிடும். திங்கள் பெரும்பாலும் விடுமுறை. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஈசார் தீவில் இருக்கும் டாய்ச்சஸ் மியூசியம், 1903ல் நிறுவியது, அறிவியலும் தொழில்நுட்பமும். இதற்கு ஒரு யூரோ சலுகை கிடையாது, 2028 வரை ஒரு பகுதி புதுப்பிப்பில் இருக்கிறது, இருப்பதே ஒரு நாளுக்கு மேல் காணும்.

ஓபரா என்றாலே பணக்காரர் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். மாக்ஸ்-யோசெஃப் சதுக்கத்தில் இருக்கும் தேசிய அரங்கில் நின்றுகொண்டு பார்க்கும் இடங்கள் உண்டு, விலை பல நாட்களில் சினிமா டிக்கெட் அளவுக்கே வரும். மேடைக்கு மேலே ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடும், மொழி தெரியாததால் ஒன்றும் குடி முழுகாது. முதல் தடவை மொட்சார்ட் மாதிரி ஏதாவது எடுங்கள், ஐந்து மணி நேர வாக்னரை நின்று பார்ப்பது அப்புறம். மேல்கோட்டு போட்டிருந்தால் அதைக் கட்டாயமாக வெளியே கொடுத்துவிட வேண்டும். தாமதமாக வந்தால் இடைவேளை வரை கதவு திறக்காது. சபா கச்சேரிப் பழக்கத்தில் தலையாட்டி "பலே" சொல்லித் தொடையில் தாளம் போட்டுவிடாதீர்கள், முன் வரிசை ஆள் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. சிம்பொனியில் பகுதிக்குப் பகுதி நிற்கும் இடத்திலும் கை தட்டக் கூடாது. எல்லாரும் தட்டிய பின் தட்டினால் போதும். ஜூலையில் ஓபரா விழா சமயம் அரங்குக்கு வெளியே சதுக்கத்திலேயே பெரிய திரையில் இலவசமாகப் போடும் நாள் ஒன்று உண்டு, தரையில் விரிப்பு போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

புளியோதரையோடு பீர்கார்டன்

குடிக்காதவர்கள், சைவம் சாப்பிடுபவர்கள் பீர்கார்டன் பக்கமே போவதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆற்றாமை, ஏனென்றால் மியூனிக்கில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. காரணம் ஒரு பழைய சண்டை. அந்தக் காலத்தில் கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்தது, அதனால் வசந்தத்துக்குள் காய்ச்சியதை ஆற்றங்கரை நிலவறைகளில் சேமித்தார்கள், நிலவறை சூடாகாமல் இருக்க மேலே சரளைக்கல் கொட்டி அகன்ற இலை கொண்ட செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். நிழல் இருக்கும் இடத்தில் ஜனம் கூடத்தானே செய்யும், காய்ச்சியவர்கள் அங்கேயே பெஞ்சு போட்டு விற்க ஆரம்பித்தார்கள். ஊருக்குள் ஓட்டல் வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். 1812ல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசெஃப் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு சொன்னார்: பீர் விற்கலாம், ரொட்டி தரலாம், மற்றபடி சாப்பாடு விற்கக் கூடாது. ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுத் தடை பிறகு போய்விட்டது, கட்டுச்சோறு கொண்டு வரும் உரிமை மட்டும் நின்றுவிட்டது. பவேரிய அரசு 1999ல் போட்ட பீர்கார்டன் விதிகளிலும் அது இருக்கிறது.

ஆகவே ஒரு தூக்கில் புளியோதரை, எலுமிச்சை சாதம், பொடி தடவிய இட்லி, உருளைக்கிழங்கு வறுவல். தயிர்சாதம் தாராளமாகப் போகும். விரிக்க ஒரு துணி, தட்டு, ஸ்பூன், குப்பைக்கு ஒரு பை. பானத்தை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும், தண்ணீர் பாட்டிலைக் கூட மேசை மேல் எடுத்து வைப்பது மரியாதை இல்லை. ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்பிள் ஷோர்லே வாங்கலாம், கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்ஸி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆல்கஹால் இல்லாத கோதுமை பீரும் உண்டு. கண்ணாடிக் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்துக் காசை வாங்க மறக்காதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மேசை விரிப்பு போட்டிருக்கும் மேசைகள் பரிமாறும் பகுதி, அங்கே உட்கார்ந்து தூக்கைத் திறந்தால் கிளப்பிவிடுவார்கள். வெறும் மரப்பெஞ்சு இருக்கும் பகுதிதான் நமக்கு. நீள மேசையில் வேறு ஆட்கள் இருந்தால் இடம் காலியா என்று கேட்டுவிட்டு அவர்களோடு உட்காருவதுதான் அங்கே வழக்கம். புளியோதரை வாசனைக்கு எதிரில் இருப்பவர் என்ன என்று விசாரிப்பார், ஒரு கரண்டி கொடுங்கள், ஜெர்மன் வகுப்பில் ஆறு மாதம் வராத பேச்சு அங்கே வரும். இங்கிலீஷ் கார்டன் என்ற பெரிய பூங்காவில் சீனக் கோபுரத்தடியில் சுமார் 7,000 பேர் உட்காரலாம், சுற்றுலாக் கூட்டமும் அங்கேதான். குடும்பத்தோடு போக ஹிர்ஷ்கார்டன் மேல், அதைவிடப் பெரியது, மான்கள் இருக்கும் அடைப்பும் உண்டு. இங்கிலீஷ் கார்டனுக்கு ஊரிலிருந்து வந்த மாமியாரை அழைத்துப் போவதானால் தெற்குப் பக்கப் புல்வெளி ஒன்றில் கோடையில் ஜனங்கள் பிறந்தமேனிக்குப் படுத்து வெயில் காய்வார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்து வழியை வகுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் வாங்கிச் சாப்பிடும் சைவர்களுக்கு: கேஸ்-ஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸ், ஒபாட்ஸ்டா என்ற பாலாடைக்கட்டிக் கலவை, கைசர்ஷ்மாரன் என்ற இனிப்பு தோசைத் துண்டுகள். வறுத்த உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோஸிலும் சொல்லாமலே பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், "ஓனே ஷ்பெக்" (பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஏரி, மலை

முதல் மலையாக டேகர்ன்ஸேயிலிருந்து நொய்ரொய்ட் போங்கள். ரயிலடியிலிருந்தே பாதை தொடங்கும், ஒன்றரை மணி நேர ஏற்றம், மேலே 1,264 மீட்டரில் ஒரு சாப்பாட்டுக் கடை, கீழே ஏரி முழுவதும் தெரியும். இன்னும் எளிதாக வேண்டுமானால் எஸ்-8ல் கடைசி நிலையமான ஹெர்ஷிங் வரை போய் ஆண்டெக்ஸ் மடாலயத்துக்கு ஓடைக்கரைக் காட்டு வழியாக ஒரு மணி நேர நடை.

வழிகாட்டிப் பலகைகளில் தூரம் போட்டிருக்காது, நேரம்தான் இருக்கும். அந்த நேரம் பவேரியக் கால்களுக்கு. நாற்காலியிலேயே பழகிய நம் கால்களுக்கு முதல் வருடம் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நீலப் புள்ளி எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு பக்கம் போகவே வேண்டாம். கோடையில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும், ஆகவே காலை ஏழு, எட்டு மணி ரயில், இரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு இருக்கும் மாட்டை, நம்ம ஊர் பசு மாதிரி நினைத்துத் தடவிக் கொடுக்கப் போகாதீர்கள், முட்டித் தள்ளும். திறந்த படலை மூடிவிட்டு நடங்கள். மலைக் கடைகளில் அட்டை எடுபடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, ரொக்கம் வேண்டும். அவசரத்துக்கு 112. தொடர்ந்து போவதாக முடிவு செய்துவிட்டால் ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். 1869ல் இதே ஊரில் தொடங்கியது. மீட்புச் செலவுக்குக் காப்பீடு அதிலேயே வரும், மலைக் குடில்களில் தங்கக் கட்டணம் குறையும்.

நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. ஃப்யூசன் வரை ரயில் இரண்டு மணி நேரம், அப்புறம் பஸ். உள்ளே போக இணையத்தில் முன்பே நேரம் குறித்து வாங்க வேண்டும், அரை மணி நேரத்தில் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போய் வெளியே விட்டுவிடுவார்கள், படம் எடுக்கவும் விட மாட்டார்கள். என்னைக் கேட்டால் மரியா பாலத்திலிருந்து வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு ஆல்ப்ஸே ஏரியைச் சுற்றி நடந்தால் போதும். டாஹாவ் வதை முகாம் நினைவிடத்துக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள், எஸ்-2, அப்புறம் 726 பஸ், நுழைவு இலவசம். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம், அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர்த் திருவிழா செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். திடலுக்குள் போகக் கட்டணமில்லை. முதுகுப் பையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். வார நாள் மதியம் போனால் முன்பதிவு இல்லாமலே பந்தலுக்குள் இடம் கிடைக்கும், சனிக்கிழமை போவது வீண்.

குளிர்காலத்தில் நான்கரைக்கே இருட்டிவிடும். அதற்கு வெந்நீர்க் குளங்கள் நல்ல மருந்து. ஆனால் சௌனா பகுதி என்று போட்டிருந்தால் அங்கே துணியே கூடாது, ஆண் பெண் எல்லாரும் சேர்ந்துதான். நீச்சல் உடையோடு உள்ளே போனால் உங்களைத்தான் முறைப்பார்கள். சங்கடமாக இருந்தால் குளம் மட்டும் என்று டிக்கெட் வாங்குங்கள்.

தமிழுக்காக இரண்டு பயணம்

வேகமான ரயிலுக்குக் காசு செலவழிக்கத் தகுந்தவை என்று இரண்டு ஊர் சொல்வேன். ஒன்று வடக்கே ஹாம். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம், தொழிற்பேட்டை நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது, 2002ல் குடமுழுக்கு நடந்தது. மே, ஜூன் வாக்கில் தேர்த் திருவிழா, அன்றைக்குப் போங்கள். காவடி, தேங்காய் உடைப்பு, சாப்பாட்டுக் கடைகள், ஐரோப்பா முழுக்க இருந்து வரும் யாழ்ப்பாணத் தமிழ். அந்த வாரத் தங்குமிடம் சீக்கிரம் நிரம்பும்.

இன்னொன்று ஹாலே, ஐ.சி.இ.யில் சுமார் மூன்று மணி நேரம். 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர். தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் இங்கேதான். அங்கே ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அதே வளாகத்தில் பழைய அரும்பொருள் அறை ஒன்றை அந்தக் காலத்து அலமாரிகளோடே வைத்திருக்கிறார்கள். ஐ.சி.இ. டிக்கெட்டை முந்தி வாங்கினால் விலை பாதிக்கும் கீழே வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணிக்கு மேல் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும், விண்ணப்பிக்கச் சோம்பாதீர்கள்.

அப்பா அம்மா வரும்போது

அவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்க வேண்டாம், பவேரியா டிக்கெட் என்ற ஒருநாள் டிக்கெட் போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், சொந்தப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் 14 வயது வரை தனிக்கட்டணமில்லை. வார நாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி, ஞாயிறில் அந்தத் தடை இல்லை. முட்டி வலி உள்ளவர்களை மலை ஏற்ற முடியாது, அவர்களுக்குக் க்யோனிக்ஸே ஏரிதான் சரி. ஃப்ரைலாசிங்கில் மாறி பெர்ஹ்டெஸ்காடன் வரை ரயில், அங்கிருந்து பஸ், பஸ் நிற்கும் இடத்திலிருந்து சமதரையில் கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை. 1909லிருந்து மின்சாரப் படகுகள்தான், புகையும் இல்லை, சத்தமும் இல்லை. நடு ஏரியில் படகை நிறுத்தி ஒருவர் எக்காளம் ஊதுவார், மலைச்சுவர் திருப்பி ஊதும். போகவர ஒரு நாள் முழுக்க ஆகும் என்பதால் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், நிலையக் கழிப்பறைக்குச் சில்லறை நாணயங்கள் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கும்போதே திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள், நேரம் மாதத்துக்கு மாதம் மாறும்.